ஆடு மாடு கோழிக்கு நோயில்லை என்றால் போதுமா?

"தண்ணி வைக்கிறன், தீன் வைக்கிறன், உண்ணிக்கு மருந்தும் அடிக்கிறன். இதுக்கு மேல மாட்டுக்கு என்ன வேணும் மாமி?"

பாலுக்கென்று இரண்டு கலப்பினப் பசு வாங்கிய என் மருமகன் கேட்டது இது. நியாயமான கேள்விதான். மாடு எப்படி என்று யாராவது விசாரித்தால் நாமும் இதைத்தானே சொல்கிறோம்: தின்கிறது, சாணம் ஒழுங்காகப் போடுகிறது, காய்ச்சல் இல்லை, சினை பிடித்திருக்கிறது. ஆகவே மாடு சுகம்.

பசியும் வியாதியும் இல்லாமல் இருப்பது பாதிதான் என்று அவனுக்குச் சொன்னேன். மற்றப் பாதி, அந்த மாட்டுக்கு இன்றைக்குப் பிடித்தமாக ஏதாவது நடந்ததா என்பது. உரசிக்கொள்ள ஒரு கட்டை, கழுத்தை நக்கிவிடப் பக்கத்தில் இன்னொரு மாடு, வெயிலில் நிற்பதா நிழலுக்குப் போவதா என்று தானே முடிவுசெய்ய இடம். திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் எங்கள் வளவில் பசு, ஆடு, கோழி மூன்றும் உண்டு. பெரிய பண்ணை என்று சொல்ல முடியாது. எங்களைப் போல வளவோடு கால்நடை வைத்திருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். செலவு பெரும்பாலும் ஆணியும் கயிறும்தான்.

இந்த யோசனை என் சொந்தச் சரக்கு இல்லை. 1965இல் பிரித்தானியாவில் பேராசிரியர் பிரம்பெல் தலைமையில் இருந்த குழு, பண்ணை விலங்குக்கு எழும்ப, படுக்க, திரும்ப, உடம்பைச் சுத்தம் செய்ய, காலை நீட்ட இடம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1979இல் அங்கேயே அது 'ஐந்து சுதந்திரங்கள்' என்று விரிந்தது. அந்த ஐந்தில் நாலு, எது இருக்கக் கூடாது என்பதைத்தான் சொல்கின்றன: பசி தாகம் கூடாது, வசதிக்குறைவு கூடாது, வலி நோய் கூடாது, பயம் கூடாது. நம் நாட்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் 1907ஆம் ஆண்டுக்குரியது. கொடுமை செய்யாதே என்பதோடு அதன் வேலை முடிந்தது. 1994இல் நியூசிலாந்தில் மெல்லர், ரீட் என்ற இருவர் தீன், சூழல், உடல்நலம், நடத்தை ஆகிய நாலும் சேர்ந்து விலங்கின் மனநிலையை எப்படி ஆக்குகின்றன என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2009இல் பிரித்தானியாவின் பண்ணை விலங்கு நல சபை இன்னும் ஒரு படி போய், வாழத் தகாத வாழ்க்கை, வாழத் தகுந்த வாழ்க்கை, நல்ல வாழ்க்கை என்று மூன்றாகப் பிரித்தது. நம்மூரில் பல மாடுகள் நடுவில் நிற்கின்றன என்பது என் கணிப்பு. நடுவிலிருந்து மேலே ஏற்றுவதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

முதலில் சும்மா இருந்து பாருங்கள்

எதையும் வாங்கவோ கட்டவோ முன்பு, கொட்டிலடியில் ஒரு கதிரையைப் போட்டு அரை மணி நேரம் இருங்கள். தீன் வைக்கும் நேரத்தில் பார்க்க வேண்டாம். அப்போது எந்த மாடும் உற்சாகமாகத்தான் இருக்கும். அந்த உற்சாகம் வாளிக்கு, உங்களுக்கு இல்லை. காலை பத்து மணிக்குப் பிறகோ பின்னேரம் நாலு மணிக்கோ, மாடு தன்பாட்டில் இருக்கும்போது பாருங்கள். ஃபோனை வீட்டில் விட்டுவிட்டுப் போவது நல்லது.

படுத்திருந்து, கண் பாதி மூடி, அசைபோட்டால் நல்ல அடையாளம். காது நுனி விறைப்பில்லாமல் பக்கவாட்டில் தொங்கினாலோ மெதுவாகப் பின்னே சாய்ந்திருந்தாலோ மாடு நிம்மதியாக இருக்கிறது. காதை விறைத்து உங்கள் பக்கம் நீட்டினால் எதையோ கவனிக்கிறது; அது கெட்டதில்லை. காது பின்னால் ஒட்டி, வால் பின்னங்காலுக்கு நடுவே ஒடுங்கி, கண்ணின் வெள்ளை அதிகமாகத் தெரிந்தால் பயம் அல்லது வலி. ஒரு மாடு கழுத்தை நீட்டிக் கொடுக்க, இன்னொன்று அதன் தாடையடியையும் கழுத்தையும் நக்குவதைக் கண்டால், அவை இரண்டும் சிநேகிதம். கட்டும்போது அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுங்கள்.

கன்றுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். வயிறு நிறைந்து, வலியில்லாமல், திறந்த இடமும் கிடைத்தால் கன்று வாலைத் தூக்கிக்கொண்டு நாலு காலிலும் துள்ளி ஓடும். பால் குறைத்து விட்டால் துள்ளல் குறையும். கொம்பு சுட்ட அன்றும் துள்ளாது. ஆகவே கன்று துள்ளுகிறதா என்று பார்ப்பதே ஒரு பரிசோதனை, காசில்லாத பரிசோதனை.

காது பார்த்துப் பழக வேண்டுமென்றால் அடுத்த முறை கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரட்றிக் கோட்டைக்குள் கொஞ்சம் நில்லுங்கள். புள்ளிமான்கள் மரத்தடியில் படுத்திருக்கும். சனம் பக்கத்தால் போகும்போது எந்த மான் காதை மட்டும் திருப்புகிறது, எது எழும்புகிறது, எது கண்டுகொள்ளாமல் அசைபோடுகிறது என்று பாருங்கள். அதே கண்ணோடு வீட்டுக்கு வந்தால் உங்கள் மாடு வேறு மாதிரித் தெரியும். மானுக்குத் தீன் கொடுக்க வேண்டாம், பொலித்தீன் பையோடு நிச்சயமாக வேண்டாம்.

இன்னொன்று. நாம் 'சாதுவான மாடு' என்று மெச்சுகிற சில மாடுகள் சாது இல்லை, மனம் விட்டுப்போனவை. தலை தோளுக்குக் கீழே தொங்கும், கண் திறந்திருக்கும் ஆனால் எதையும் பார்க்காது. இலையான் மொய்த்தாலும் காதை ஆட்டாது, புதிய ஆள் வந்தாலும் திரும்பாது. உண்மையான சாது, நீங்கள் வந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பவும் தன் வேலையைப் பார்க்கும். அந்த ஒரு பார்வைதான் வித்தியாசம். பார்வையே இல்லாத மாட்டுக்குச் சொறிகட்டை அடிக்க முதல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். உடம்புக்குள் ஏதோ இருக்கலாம்.

சொறிகட்டை: இதிலிருந்து தொடங்கலாம்

2018இல் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். பாரம் ஏற்றிய ஒரு படலையைத் தள்ளித் திறந்தால்தான் பசு அந்தப் பக்கம் போகலாம். அந்தப் பக்கம் ஒருமுறை புதிய தீன் இருந்தது, இன்னொருமுறை சுழலும் தூரிகை. தீனுக்காக எவ்வளவு பாரத்தைத் தள்ளியதோ, கிட்டத்தட்ட அவ்வளவு பாரத்தைத் தூரிகைக்காகவும் தள்ளியது பசு. உடம்பு சொறிவது மாட்டுக்கு அவ்வளவு பெரிய விசயம். கட்டிவைத்த மாட்டுக்கோ முதுகின் நடுப்பகுதியும் வாலடியும் எட்டவே எட்டாது.

சுழலும் தூரிகை நமக்கு வேண்டாம். பாலை, முதிரை, எதுவும் இல்லையென்றால் வைரம் பாய்ந்த தென்னை, இதில் ஒரு கட்டையை இரண்டரை அடி ஆழத்தில் நன்றாக இறுக்கி நடுங்கள். மாடு சாய்ந்து தள்ளும், ஆடினால் வேலிக்கட்டை மாதிரிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தேய்ந்துபோன தும்புத்தடிகளின் தலையைக் கழற்றி, மாட்டின் தோள் உயரத்தில் ஒன்று, அதற்கு ஒரு சாண் கீழே சரிவாக ஒன்று, கன்றுக்கு இன்னும் கீழே ஒன்று என்று அடியுங்கள். ஆணி முனை வெளியே நிற்கக் கூடாது. நின்றால் மடக்கி அடியுங்கள். கட்டையைச் சுற்றிவர மாடு திரும்ப இடம் வேண்டும். மூலையில் நட்டால் பலமான மாடு மற்றதை விடாது.

எங்கள் சிவப்பி முதலில் கட்டையை மோந்து பார்த்தாள், நாக்கால் ஒருமுறை தடவினாள், விட்டுவிட்டுப் போனாள். பிறகு ஒருநாள் கழுத்தைக் கொடுத்தாள். இப்போது பால் கறந்து அவிழ்த்துவிட்டால் தண்ணீர்த் தொட்டிக்குக்கூட அப்புறம்தான் போகிறாள். கொம்படியில் தொடங்கி, கண்ணுக்குப் பின்பக்கம், தாடை, பிறகு உடம்பைத் திருப்பி வாலடி. வாலடிக்கு வரும்போது கழுத்து முன்னே நீளும், மேலுதடு நீண்டு துடிக்கும், காது இரண்டும் விழுந்துவிடும். அந்த நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். இதைப் பார்த்தபிறகு மருமகன் ஒன்றும் கேட்கவில்லை. தும்புத்தடி எங்கே வாங்கலாம் என்று மட்டும் கேட்டான்.

ஒரு எச்சரிக்கை. படர்தாமரை, சொறி, தோல் கழலை நோய் உள்ள மாடு இருந்தால் கட்டையைப் பொதுவில் விட வேண்டாம். அந்த மாடு சுகமாகும்வரை தும்புத்தலையைக் கழற்றி வையுங்கள், திரும்ப அடிக்கும்போது புதியதை அடியுங்கள்.

படுக்கையும் காற்றும்

நல்ல இடம் கிடைத்தால் பசு நாளொன்றுக்கு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்கும். படுக்காத மாடு அசைபோடுவதும் குறைவு, காலும் கெடும். கொட்டில் நிலம் சரியா என்று அறிய ஒரு வழி உண்டு: நீங்களே அந்த நிலத்தில் முழங்காலைக் குத்தி இருந்து பாருங்கள். உங்களுக்கு வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். சட்டை நனைந்தால் அதன் மடியும் நனையும். வெறும் சீமெந்தில் வைக்கோலைத் தடிப்பாகப் போடலாம். கரையோரம் இருப்பவர்களுக்கு மணல் இன்னும் நல்லது, ஈரத்தை நிற்க விடாது.

நம்மூரில் இரண்டு காலத்துக்கு இரண்டு விதமாக யோசிக்க வேண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்றே சுடும். பால் தருகிற கலப்பினப் பசு நாளுக்கு 40, 60 லீற்றர் தண்ணீர் குடிக்கும். காலையும் மாலையும் ஒவ்வொரு வாளி காட்டுவது அதற்கு ஒரு மூலைக்கும் காணாது. தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும், தொட்டி நிழலில் இருக்கட்டும். தகரக் கூரை என்றால் மேலே கிடுகு போடுங்கள்.

மாரியில் நிலைமை மறுபக்கம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. மழையில் நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால், மெலிந்த மாடு தாங்காது. கூரை மட்டும் போதாது. வாடைக்காற்று வருகிற வடகீழ்ப் பக்கம் நிலத்திலிருந்து மாட்டின் முதுகு உயரத்துக்குக் கிடுகு மறைப்புக் கட்டுங்கள். நாலு பக்கமும் அடைக்க வேண்டாம், மூத்திர நெடி உள்ளே நிற்கும். பட்டியாக வெளியில் விடுகிறவர்கள் மேட்டுநிலத்தில் பற்றைக்காட்டு ஓரம் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பெரும்போகத்தில் வயல் பக்கம் விட முடியாது என்பதால் பலபேர் மாட்டைத் திறந்த வெளியில்தான் நிறுத்துகிறார்கள், மழையும் அதே மாதங்களில்தான் வருகிறது.

முடிந்தால் மாட்டை அவிழ்த்து விட்டு, நிழலும் வெளியும் இரண்டும் எட்டும்படி விடுங்கள். எது வேண்டுமென்று அதுவே தெரிவு செய்யும். கட்டத்தான் வேண்டுமென்றால், நிழலின் விளிம்பில் கட்டையை அடித்து, இரண்டு பக்கமும் போகக்கூடிய நீளத்தில் கயிறு விடுங்கள். சூரியன் சாயும்போது நிழலும் நகரும், அதை மறந்துவிட வேண்டாம்.

ஆடு

ஆட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிவிடும். இரண்டு விசயம் மட்டும். குழையை நிலத்தில் போடாமல் கட்டித் தொங்க விடுங்கள். சீமைக்கிளுவை, இப்பிலிப்பில், பூவரசு, பலா, எதுவென்றாலும் ஆட்டின் தலைக்கு மேலே, முன்னங்காலைத் தூக்கி எட்டும் உயரத்தில். ஆடு அண்ணாந்து பொறுக்கித் தின்னப் பிறந்தது. நிலத்தில் மிதிபட்ட குழையைத் தொடாது, குடற்புழுவும் அதில்தான் ஏறும். இரண்டாவது, ஏற ஒரு மேடை. பழைய வண்டில் சக்கரம், கவிழ்த்த மரக்குற்றி, உழவு இயந்திரத்தின் டயரில் மண் நிரப்பியது, எதுவும் போதும். மேலே ஏற ஓர் ஆடு, தள்ளிவிட இன்னோர் ஆடு என்று குட்டிகள் பின்னேரம் முழுக்க அதிலேயே நிற்கும். மேடை ஒன்றுதான் என்றால் பெரிய கிடாய் பிடித்துக்கொள்ளும், இரண்டு போடுங்கள்.

கோழிக்குப் புழுதி

கோழி புழுதியில் குளிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம், அதற்கு இடம் வைப்பவர்கள் குறைவு. கூட்டில் அடைத்த கோழிக்குக் கட்டாயம் வைக்க வேண்டும். ஒரு பழைய லொறி டயரைக் கிடத்தி, காய்ந்த மணலும் அரித்த சாம்பலும் கலந்து முக்கால்வாசி நிரப்புங்கள். மேலே தகரமோ ஓலையோ இருக்கட்டும், நனைந்தால் பயனில்லை. சாம்பல் விறகடுப்புச் சாம்பலாக இருக்க வேண்டும், குப்பை எரித்த சாம்பல் ஆகாது.

வெயில் ஏறி மத்தியானம் ஆகும் நேரம் பாருங்கள். பேடு முதலில் அலகால் புழுதியைக் கிளறித் தன் பக்கம் இழுக்கும். பிறகு நெஞ்சை அமர்த்தி இருந்து, செட்டையைச் சிலிர்த்து, கீழிருந்து புழுதியை இறகுக்குள் எற்றும். ஒரு பக்கம் சரிந்து, காலை நீட்டி, தலையை மண்ணில் தேய்க்கும். நடுவில் செத்தது போலக் கிடக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள். இருபது, முப்பது நிமிடம் ஆனபின் எழும்பி ஒரு உதறு உதறும் பாருங்கள், அந்தப் புழுதி அடங்க நேரமெடுக்கும். எண்ணெய்ப்பசையும் பேனும் குறைவது ஒரு பக்கம், கோழிக்கு அது ஒரு தேவை. இடம் கிடைத்தால் ஏறத்தாழ ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யும். இடம் கிடைக்காத கோழி வெறும் கம்பியிலும் சீமெந்திலும் அதே அசைவைச் செய்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தால் உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும்.

கூட்டுக்குள் குறுக்குத் தடி போடுங்கள், ஒரு கோழிக்கு 15 சென்ரிமீற்றருக்குக் குறையாமல். உயரம் கூடின தடிக்குத்தான் சண்டை வரும், ஆகவே எல்லாத் தடியையும் ஒரே உயரத்தில் கட்டினால் பிரச்சினை இல்லை. தீன் முழுவதையும் தட்டில் கொட்டாமல் ஒரு பிடி குருணலை உமிக்குள் தூவிவிடுங்கள். தட்டில் தீன் இருந்தாலும் கோழி கிளறித்தான் தின்னப் பார்க்கும்.

எருமை

எருமை எங்களிடம் இல்லை. கிண்ணியாவில் பட்டி வைத்திருக்கும் ஒரு காக்காவிடம் தயிர்ச்சட்டி வாங்கும்போது கேட்டுக்கொண்டது இது. "வெயிலுக்குள்ள சேத்தை விட்டு எழுப்பினா அது பாலைத் தராது தங்கச்சி, கோபத்தைத்தான் தரும்" என்பார். கறுத்தத் தோல், வியர்வைச் சுரப்பியும் குறைவு, ஆகவே தண்ணீரும் சேறும் எருமைக்குச் சொகுசு இல்லை. குளம், வில்லு பக்கத்தில் இல்லாதவர்கள் மரத்தடியில் ஒரு கிடங்கு வெட்டித் தண்ணீர் விட்டு வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் மத்தியானத்தில் இரண்டு தரம் தண்ணீர் அடித்து நனைக்க வேண்டும். சேற்றிலிருந்து வந்தபின் மடியைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கறக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

உங்கள் கையும் குரலும்

கட்டை நட்டு, புழுதி வைத்து, கடைசியில் நீங்கள் கேட்டிக்கம்போடு வந்தால் எல்லாம் வீண். பயந்த மாடு பாலை அடக்கும். பயத்தில் ஊறும் சுரப்பு, மடியில் பால் இறங்கச் செய்யும் சுரப்பைத் தடுத்துவிடும் என்பதுதான் காரணம். கறக்கும் இடத்தில் சத்தம் போடாதீர்கள். பின்பக்கமாகப் போய்த் தொடாமல், பக்கவாட்டில் வந்து, குரல் கொடுத்து, தோளில் கை வையுங்கள். தடவுவதென்றால் நெற்றியை வேண்டாம், அது முட்டுப்பழக்கத்துக்குப் போகும், கன்றிலிருந்தே பழக்காதீர்கள். மாடுகள் ஒன்றையொன்று நக்குகிற இடமான கழுத்தடியைத் தடவுங்கள். பிடித்தால் கழுத்தை நீட்டித் தரும். நகர்ந்தால் விட்டுவிடுங்கள், அது வேண்டாம் என்கிறது.

2009இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் பண்ணைக்காரர்களிடம் விசாரித்ததில், பசுவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பண்ணைகளில் ஒரு கறவைக்காலத்தில் பசுவுக்கு 258 லீற்றர் பால் அதிகம் என்று கண்டது. பெயரில் பால் இருக்கிறது என்று நான் நம்பவில்லை. பெயர் வைக்கிற ஆள் மற்ற விதத்திலும் கவனிக்கிற ஆளாக இருப்பார், அவ்வளவுதான். ஆனாலும் பெயர் வையுங்கள். கறுப்பி, சிவப்பி, லெட்சுமி, காசா பணமா?

நாட்டு மாடு கன்றைக் காணாமல் பாலிறக்காது என்பதால் நாம் கன்றைத் தாயோடு விட்டுத்தான் கறக்கிறோம். பெரிய பண்ணைகளில் பிறந்தவுடன் பிரிப்பதோடு பார்த்தால் இது நம் பக்கத்தில் உள்ள நல்ல பழக்கம். அதைக் கெடுக்காமல் ஒரு காம்பையாவது கன்றுக்கு முழுதாக விடுங்கள். இரவில் கன்றைத் தனியாகக் கட்டுவதென்றால் தாய் பார்க்கக்கூடிய தூரத்தில், இன்னொரு கன்றோடு சேர்த்து.

பலன் உண்டா என்று எப்படித் தெரியும்?

ஒரு கொப்பி போதும். கிழமைக்கு ஒரு தரம், அதே நேரத்தில், அதே கதிரையில் இருந்து மூன்றை மட்டும் எழுதுங்கள்: எத்தனை மாடு படுத்து அசைபோடுகிறது, ஒன்றையொன்று நக்குகிறதா, நீங்கள் எழும்பி நடந்தால் எவ்வளவு கிட்டப் போகும்வரை விலகாமல் நிற்கிறது. அந்தத் தூரம் மாதக்கணக்கில் குறைந்துகொண்டு வந்தால் சரியாகப் போகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும், மாடும் மிரளும். ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

மாரி தொடங்க இருக்கிறதென்றால் கிடுகு மறைப்பு முதலில், மற்றதெல்லாம் பிறகு. கச்சான் காலமென்றால் தண்ணீர்த் தொட்டியும் நிழலும். இவை இரண்டும் ஏற்கெனவே சரி என்றால் சொறிகட்டை. ஆடும் மாடும் ஒரே வளவில் நிற்கிறதென்றால் தும்புத்தலையைக் கொஞ்சம் உயர்த்தி அடியுங்கள், இல்லாவிட்டால் விடியும்போது கட்டை மட்டும்தான் மிஞ்சும்.